கூடம், முற்றம், தெரு: வீடுகளில் ஓர் இசை மாலை நடத்தும் முறை

சோழவந்தான், தென்கரை, திருவேடகம் என்று வைகைக் கரையோடு போனால் முற்றம் வைத்த பழைய வீடுகளை இன்னும் பார்க்கலாம். பக்கத்திலேயே டைல்ஸ் போட்ட கான்கிரீட் வீடும் நிற்கும். இரண்டிலும் கச்சேரி வைக்கலாம், ஆனால் ஒரே கச்சேரியை இரண்டிலும் வைக்க முடியாது. இது தெரியாமல் பாட்டுக்காரரை முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் "யார் வீட்டுல வைக்கலாம்?" என்று தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் வீணை ஹாலில் கரைந்துபோகும், தவில் அறைக்குள் காதைக் கிழிக்கும். வீட்டைப் பார்த்து முடித்த பிறகுதான் வாத்தியம், அதற்குப் பிறகுதான் ஆள்.

இங்கே சொல்வது மூன்று வீடு, 120 பேர், ஒரே மாலை என்ற கணக்குக்கான ஏற்பாடு. கலைஞர்கள் அவரவர் வீட்டில் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கேட்பவர்கள் 40 பேர் கொண்ட மூன்று குழுவாக வீடு வீடாகச் சுற்றுவார்கள். கலைஞரை வீடு மாற்றினால் ஒவ்வொரு முறையும் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் போய்விடும். மிருதங்கத்தைப் பனியில் தூக்கிக்கொண்டு நடப்பதும் நல்லதல்ல. கேட்பவர்கள் நடக்கட்டும்.

வீடு பார்க்கும்போது

டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு 6 சதுர அடி வேண்டும். 18-க்கு 12 அடி கூடம் என்றால் 216 சதுர அடி. பாட்டு, வயலின், மிருதங்கம், பின்னால் தம்புரா என்ற குழுவுக்கு 8-க்கு 6 அடி, அதாவது 48 போய்விடும். எழுந்து போக 2 அடி வழி விட்டால் இன்னொரு 36. மிச்சம் 132-இல் 22 பேர்தான். கூடத்தை ஒட்டித் தாழ்வாரம் இருந்தால் அங்கே இன்னும் 18 பேர் உட்காரலாம். "நூறு பேர் தாராளமா உக்காரலாம்" என்று வீட்டுக்காரர் சொல்வது கல்யாணத்துக்குச் சொல்லும் கணக்கு. கல்யாணத்தில் யாரும் நாற்பது நிமிடம் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

அடுத்தது கைதட்டிப் பார்ப்பது. கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. நாட்டு ஓடு வேய்ந்த, மர உத்தரம் போட்ட வீட்டில் சத்தம் அங்கேயே நின்றுவிடும். டைல்ஸ் தரையும் வழுவழுப்பான பெயின்ட் சுவரும் உள்ள கான்கிரீட் ஹாலில் தட்டிய பிறகு "டிர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் வரும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சத்தத்தை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புவதால் வருவது அது. பிருகா, அதாவது குரலின் வேகமான சுழிப்பு, விழும் இடமெல்லாம் அது போய்க் கலங்கடிக்கும். எதிரெதிர்ச் சுவர் ஜோடி ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை மூடினால் போதும். அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் ஆள் உயரத்துக்குப் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைக்கலாம். இல்லாவிட்டால் கயிறு கட்டி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிடலாம். ஒற்றைச் சேலையைத் தொங்கவிட்டால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், காதுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்கள் நிறைந்ததும் அறை பாதி தானாகவே சரியாகிவிடும். அதனால் காலி அறையின் முழக்கத்தைக் கேட்டே ஒரு வீட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

மூன்றாவது, அதிர்வு. ஒருவர் மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது கனமாகப் பேசும் இடப்பக்கத்தை, அழுத்தி வாசிக்க, இன்னொருவர் அறையைச் சுற்றி வந்து காதை வைத்துக் கேட்க வேண்டும். பரண் மேல் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம், ஷோகேஸ் கண்ணாடி, டியூப்லைட் பட்டி, கழன்ற ஜன்னல் கொக்கி எல்லாம் கூடவே பேசும். பாத்திரத்துக்கு நடுவில் துண்டு, கண்ணாடிக்கு மடித்த காகிதம். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், பெண்டுலக் கடிகாரம் மூன்றையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜை மூன்று மணி நேரம் அணைத்தால் பால் கெடாது. கதவை மட்டும் திறக்கக் கூடாது.

டேப்பில் அடங்காத ஒன்றும் உண்டு. வீடு கொடுப்பவரிடம் முதல் பேச்சிலேயே நேராகக் கேட்க வேண்டும்: "அத்தை, எல்லாத் தெரு ஆளுகளும் கூடம் வரைக்கும் வருவாக, தண்ணி எல்லாருக்கும் ஒரே டம்ளர்லதான். உங்களுக்குச் சம்மதமா?" தயங்கினால் வேறு வீடு. திண்ணையோடு சிலரை நிறுத்தி வைக்கும் வீட்டில் இந்த விழாவை நடத்துவதற்கு நடத்தாமலே இருக்கலாம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால் விழா அன்று வாசலில் வைத்து அதைவிட மோசமாகக் கேட்க வேண்டிவரும். மூன்று வீட்டையும் ஒரே தெருவில் எடுக்காமல், இரண்டு தெருக்களிலாவது பிரித்து எடுப்பது இதற்கு உதவும். ஆனால் வீட்டுக்கு வீடு 200 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வயதானவர்கள் இருட்டில் நடக்க வேண்டும்.

எந்த வீட்டில் எது

வீணை மெல்லிய சத்தம். மைக் இல்லாமல் பெரிய ஹாலில் எட்டாது. மர உத்தரம் உள்ள சின்ன உள்ளறை அதற்குச் சரி. சுற்றி வரும் குழுவில் 40 பேர் என்பதால், அறைக்குள் 25 பேரும் வாசற்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் மீதிப் பேரும் உட்கார வேண்டும். கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைப்பது நல்லது. வீணையோடு மிருதங்கம் வேண்டும் என்றால் வாசிப்பவர் கையை அடக்குபவராக இருக்க வேண்டும், இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தனி வீணையே போதும் என்பது எங்கள் கட்சி.

வாய்ப்பாட்டுக்குக் கூடமும் தாழ்வாரமும். உட்காரும் ஒழுங்கு காரணமில்லாமல் வந்ததல்ல. பாடுபவரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடுபவரைப் பார்த்து உட்கார்ந்தால் வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம், கேட்பவர் பக்கம் திரும்பும். இடக்கைக்காரர் என்றால் இடம் மாற்றிக்கொள்வார்கள். பாடுபவரின் முதுகுக்கும் சுவருக்கும் 3 அடி இடைவெளி. மூலையில் மட்டும் மேடை வேண்டாம், தொப்பியின் சத்தம் மூலையில் சேர்ந்து ஊதிவிடும். பலகை அடித்து மேடை போட்டால் அடியில் உள்ள வெற்றிடம் முரசு மாதிரி முழங்கும். தரையில் சாக்கு, அதன் மேல் ஜமக்காளம், போதும்.

சுருதியைப் பார்த்து வீடு பிரிப்பது செலவைக் குறைக்கும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் 1 அல்லது 1½ கட்டை, பெண்கள் 5 அல்லது 5½. முன்னதற்கு நீளமான தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம், பின்னதற்குக் குட்டையான ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் வேண்டும். வார் இழுத்து ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. ஒரே வீட்டில் ஆண் பாடி முடித்ததும் பெண் பாடுவது என்றால் இரண்டு மிருதங்கம் வர வேண்டும். ஒரு வீட்டில் ஆண் குரல், இன்னொரு வீட்டில் பெண் குரல் என்று வைத்துவிட்டால் ஆளுக்கு ஒன்றோடு முடிந்துவிடும்.

கடத்துக்கு வார் இழுத்துச் சுருதியைக் கொஞ்சம் திருத்தும் சலுகையும் இல்லை. மானாமதுரைக் கடம் கனமான மண், நல்ல அடியைத் தாங்கும், உலோகம் மாதிரி கணீரென்று பேசும். ஆனால் சூளையில் வெந்தபோது வந்த சுருதிதான் அதன் சுருதி. உள்ளே களிமண் ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். பாடுபவரின் கட்டையைக் கடக்காரருக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் பொருந்தும் பானையை எடுத்து வருவார். வாயில் வைத்து மீட்டும் முகர்சிங்குக்கும் இதே கதை. அதன் உலோக நாக்கில் மெழுகு வைத்துச் சுருதியை இறக்கலாம், ஏற்ற வழியில்லை.

முற்றம் வைத்த வீடு கிடைத்தால் அதை பஜனைக்கு விடுங்கள். நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) பாடல்களைப் பாடும் சௌராஷ்டிர பஜனைக் குழுக்கள் மதுரையில் உண்டு. விளக்கை நடுவில் வைத்துச் சுற்றி வந்து பாடும் முறைக்கு முற்றத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஜால்ரா மட்டும் கவனம். ஆறேழு ஜோடி ஒன்றாகச் சேர்ந்தால் குரல் கேட்காது. இரண்டு ஜோடிக்கு மேல் வேண்டாம்.

நாதஸ்வரம், தவில், பறை, நையாண்டி மேளம் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். தவில் விரல்களில் மாட்டும் கூடும் தொப்பியில் விழும் கழியும் திறந்த வெளிக்காக ஏற்பட்டவை. கான்கிரீட் ஹாலில் பத்து நிமிடத்துக்குள் முன்வரிசை எழுந்துவிடும். தெருமுனையில் நின்று வாசித்தால் மைக் இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்கும். நாதஸ்வரத்துக்கு மைக் வைப்பவர்களை என்னவென்று சொல்வது! வாசிப்பவர் மேல் ஃபேன் காற்று படக் கூடாது, ஊதும் சீவாளி காய்ந்துவிடும். பறைக்குத் தோல் காய்ச்ச நெருப்பு வேண்டும். வைக்கோலும் காய்ந்த சருகும் ஒரு சாக்கு, வைக்கோல் படப்புக்கும் கூரைக்கும் தள்ளி ஓர் இடம், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். அந்தத் தெருவில் கட்டியிருக்கும் மாடுகளை மதியமே வேறு கொட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். மிரண்ட மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

நாள் குறிப்பது

மாசித் தேய்பிறை, பிப்ரவரி நடுவுக்குப் பிறகு, எங்கள் பக்கத்துக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் மேளக்காரர்கள் சும்மா இருப்பார்கள், கல்யாணம் இல்லை. ஆனால் கச்சேரிக் கலைஞர்களைச் சென்னை சீசன் இழுத்துக்கொள்ளும். தையில் அறுவடை, வளர்பிறை முகூர்த்தம். முகூர்த்த நாளில் மேளமும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது, மண்டபத்து ஸ்பீக்கரும் ஓயாது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. சித்திரையில் ஊரே அழகர் பின்னால் போய்விடும். மாசியிலும் சிவராத்திரியைத் தவிர்த்துவிட வேண்டும், குலதெய்வக் கோயிலுக்குப் போகாத குடும்பம் இங்கே குறைவு. நாள் வைத்ததும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அது பகலோடு முடிந்துவிடும் என்றாலும் அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி நிறையாது.

மணிக்கணக்கு இப்படி: 4 மணிக்குத் தெருமுனையில் மங்கல இசை. 4.30-க்கு மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் தொடக்கம். 40 நிமிடம் இசை, 20 நிமிடம் இடம் மாற. இதை மூன்று முறை செய்தால் 7.30. பிறகு சிற்றுண்டி. 8.15-க்குத் தெரு நடுவில் தெம்மாங்கு, ஒயிலாட்டம், பறை. 9.30-க்கு முடிவு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு மட்டுமல்ல, வாத்தியங்களுக்கும் தடை உண்டு. அதனால் 9.30-ஐ இழுக்கக் கூடாது. தெருவில் ஸ்பீக்கர் கட்டுவதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்பே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

இடம் மாற 20 நிமிடம் அதிகம் என்று தோன்றும். செருப்புத் தேடவே அதில் பாதி போய்விடும். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறச் சீட்டு கொடுத்து, ஒவ்வொரு வாசலிலும் மூன்று நிறத்தில் சாக்கு விரித்து, அந்தந்தக் குழுவின் செருப்பு அந்தந்தச் சாக்கில் என்று வைத்தால் நெரிசல் குறையும். குழுவுக்கு ஒருவர் டார்ச்சோடு முன்னால் நடக்க வேண்டும். ஒரே குடும்பத்துக்கு ஒரே நிறம் கொடுப்பது முக்கியம். பிள்ளை ஒரு வீட்டில், அம்மா ஒரு வீட்டில் என்று ஆனால் பாட்டின் நடுவே அழுகைச் சத்தம் கேட்கும்.

வாத்தியத்துக்கு வீட்டில் எடுத்து வைக்க வேண்டியவை

மிருதங்கம் வரும் வீட்டில் மெல்லிய ரவை 50 கிராம், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பழைய துணி. ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பினால்தான் அந்தப் பக்கம் கனமாகப் பேசும். பெரிய ரவை பிடிக்காமல் உதிரும். வீணைக்காரருக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பஞ்சும். தம்புராவுக்கு ஜீவா வைக்க, அதாவது நாதம் ரீங்கரிக்கத் தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் வைக்க, பருத்தி நூல் ஒரு கண்டு, வெள்ளையாகவும் முறுக்கு தளராததாகவும். எல்லா வாத்தியத்துக்கும் பொதுவாக, வெயில் படாத, ஃபேன் நேராகச் சுழலாத ஓர் அறை. மதியம் 3 மணிக்கு மூடிய காரின் பின்கண்ணாடிக்குக் கீழே மிருதங்கத்தை வைத்தால் தோல் இறுகிக் கீறிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: மாசியில் 7 மணிக்கெல்லாம் முற்றத்தில் பனி இறங்கும், தோல் நனைந்து சுருதி தளரும். முற்றத்து வீடானாலும் தோல் வாத்தியம் தாழ்வாரத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

கொசுவுக்காகச் சுருள் கொளுத்துவதும் சாம்பிராணி போடுவதும் பாடுபவரின் தொண்டையில்தான் போய் முடியும். 3 மணிக்கு நொச்சியைப் போட்டுப் புகை காட்டி, 4 மணிக்குக் கதவு ஜன்னலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். பிறகு கேட்பவர் பக்கம் மட்டும் நிற்கும் ஃபேன். குத்துவிளக்கில் நல்லெண்ணெய், திரி சின்னதாக. பூ நம்ம ஊர் மல்லிதான், ஆனால் பாடுபவருக்கு முன்னால் கூடை கூடையாகக் கொட்டி வைத்தால் வாசனையே மூச்சை அடைக்கும், சிலருக்குத் தும்மல் வரும்.

கரண்டு

40 பேருக்கு மைக் வேண்டாம். தேவைப்படுவது சுருதிப்பெட்டியும் விளக்கும் ஃபேனும்தான். சுருதிப்பெட்டி பேட்டரியில் ஓட வேண்டும். பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இணைத்திருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. பதிவு செய்ய மைக்கும் ரெக்கார்டரும் வைத்தால் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுக்க வேண்டும். வேறு வேறு அறையிலிருந்து எடுத்தால் "ம்ம்ம்" என்ற முனகல் பதிவாகும். அதைப் போக்க மூன்றாவது பின்னைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு, அது உயிருக்கு விளையாட்டு. பம்புசெட்டுகள் ஓடும் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும், டியூப்லைட் கண் சிமிட்டும். எல்இடி பல்பு மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ் வகை. மற்ற வகையில் ஃபேன் உறுமும். ஜெனரேட்டரை இந்த விழாவுக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

வயிற்றுக்கு

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் என்று 20 லிட்டர் கேன் ஆறு. சுண்டலுக்கு உலர்ந்த கொண்டைக்கடலை ஆளுக்கு 35 கிராம், 120 பேருக்கு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். மதுரைப் பக்கம் நடக்கும் விழாவில் பருத்திப்பால் இல்லாமல் எப்படி? 100 மில்லி டம்ளர் கணக்கில் 12 லிட்டருக்கு 3 கிலோ பருத்திக்கொட்டை, முக்கால் கிலோ பச்சரிசி, இரண்டரை முதல் மூன்று கிலோ கருப்பட்டி, நான்கு தேங்காய், சுக்கு, ஏலம். கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து மூன்று முறை பால் எடுக்க வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டினால்தான் கொட்டைத்தோல் தொண்டையில் ஒட்டாது. அரிசியை அரைத்து ஊற்றிய பிறகு கரண்டியை நிறுத்தினால் அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாசனையை ஏலக்காய் மறைக்காது. கருப்பட்டியைத் தனியே காய்ச்சி வடிகட்டி, அடுப்பை அணைக்கும் முன்தான் சேர்க்க வேண்டும், அதில் மண் இருக்கும். பாடுபவருக்குப் பாடி முடித்த பிறகு கொடுங்கள். முன்னால் குடித்தால் தொண்டையில் படர்ந்துகொள்ளும். அவர்களுக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் போதும்.

கழிப்பறையை மறந்துவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு 40 பேர் வீதம் மூன்று குழு வந்து போகும். பழைய வீட்டில் அது கொல்லையில் இருக்கும், போகும் வழியில் விளக்கு இருக்காது, கிணற்றடி வழுக்கும். ஒரு பல்பு, ஒரு வாளி, வழுக்கும் இடத்தில் ஒரு சாக்கு. வீட்டின் உள்ளறைகளைப் பூட்டச் சொல்வதில் தப்பில்லை, வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

சம்பாவனை

தொகையை முன்பே பேசி, போக்குவரத்துச் செலவைத் தனியாக வைக்க வேண்டும். பாடுபவருக்குத் தாம்பாளத்தில் சால்வையோடும் பறை அடிப்பவருக்கு ஓரமாகக் கூப்பிட்டுக் கையிலும் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரித் தாம்பாளம், ஒரே சோழவந்தான் வெற்றிலை, தெரு நடுவில், எல்லார் முன்னாலும். தம்புராவையும் வீணையையும் பேருந்தில் ஏற்ற முடியாது, 9.30-க்குக் கார் வாசலில் நிற்க வேண்டும். முன் இருக்கையை முழுக்கச் சாய்த்தால் தம்புரா நீளவாட்டில் போகும். குடம் பின் இருக்கையில் தலையணை மேல், கழுத்து முன்னால்.

கலைஞர்கள் கிளம்பியதும் முதல் வேலை, மிருதங்கம் இருந்த இடத்தைத் துடைப்பது. வாசித்து முடித்துத் தொப்பியிலிருந்து சுரண்டி எடுத்த ரவை ஜமக்காளத்தில் விழுந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது துணியால் எடுத்தால் வந்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காய்ந்து இறுகி, எறும்பும் வந்து சேரும். இரவல் ஜமக்காளம் என்றால் ஓரத்தில் வீட்டுப் பெயரை நூலில் தைத்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டு விரிப்பும் கலந்துவிட்டால் பிரித்துக் கொடுக்க ஒரு நாள் போகும்.